கந்தஹார் யார் கைக்குப் போனது? பஷ்தூன் குலங்கள் பக்கம் மாறியது பற்றி ஒரு விவாதம்

பொருநை_செல்வன்:

ஆப்கன் போர் பற்றிப் பேச்சு எங்கே வந்தாலும் யாராவது ஒருவர் அந்தப் பழைய வசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்: ஆப்கானியரை விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்க முடியும். நேற்று வேறொரு பேச்சில் மதிவாணனும் அதையே எழுதி, "பஷ்தூன் குலத் தலைவர்கள் காசு வரும் பக்கம் சாய்ந்தார்கள், 2001இல் அமெரிக்கா, 2021இல் தாலிபான், கதை அவ்வளவுதான்" என்று முடித்திருந்தார். பதில் எழுதப் போய் நீண்டுவிட்டது, அதனால் தனித் திரியாகவே போடுகிறேன்.

தெற்கு ஆப்கானிஸ்தானிலும் எல்லை தாண்டிப் பாகிஸ்தானிலும் வாழும் பஷ்தூன்கள் பல குலங்களாகப் பிரிந்தவர்கள். 2001 டிசம்பர் முதல் வாரத்தைப் பாருங்கள், அமெரிக்கத் தாக்குதலில் தாலிபான் ஆட்சி சரிந்துகொண்டிருக்கிறது. பின்னாளில் அதிபரான ஹமீத் கர்சாய் உருஸ்கான் மாகாணத்திலிருந்து இறங்கி, தாலிபானின் கோட்டையான கந்தஹாருக்கு வடக்கே ஷா வலி கோட்டில் நிற்கிறார். கந்தஹாரின் முன்னாள் ஆளுநர் குல் ஆகா ஷெர்சாய் பாகிஸ்தானின் குவெட்டாவிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்து தெற்கே விமான நிலையத்தை நெருக்குகிறார். தாலிபான் பெருந்தலைகள் கர்சாயிடம் வந்து, நகரத்தை ஒப்படைத்துவிடுகிறோம், எங்களை ஊரில் இருக்க விடுங்கள் என்று பேசினார்கள். நகரம் முல்லா நகீபிடம் போவதாக ஏற்பாடு. இந்த நகீப் அர்கந்தாப் பள்ளத்தாக்கின் அலிகோசாய் குலத்துப் பெரிய தளபதி. சோவியத் படை கடைசி வரை அவரை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கிளப்ப முடியவில்லை. 1994 நவம்பரில் இதே கந்தஹாரைத் தாலிபானிடம் பெரிய சண்டை இல்லாமல் விட்டுக்கொடுத்தவரும் அவர்தான். இப்போது ஏழு வருடம் கழித்து அவர்கள் அவரிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். இதில் யார் யாரை வாடகைக்கு எடுத்தார்கள்? தோற்கிறவன் உயிரோடும் கொஞ்சம் மானத்தோடும் வீடு திரும்ப ஒரு வழியைத் திறந்து வைப்பார்கள், அங்கே சண்டைகள் அப்படித்தான் முடியும்.

அந்த வழியை அடைத்தது வாஷிங்டன். தாலிபான் தலைவர் முல்லா ஒமர் கந்தஹாரில் கௌரவமாக வாழ்வது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் சொல்லிவிட்டார். டிசம்பர் 7 அன்று தாலிபான் நகரத்தை விட்டு வெளியேற, அமெரிக்கச் சிறப்புப் படையினர் கூடவே இருக்க ஷெர்சாய் ஆளுநர் மாளிகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பராக்சாய், வேறு குலம். நகீப் ஒதுங்கிக்கொண்டார். அதற்கப்புறம் யார் தாலிபான், யார் இல்லை என்று அமெரிக்கர்களுக்கு அடையாளம் காட்டும் வேலை ஷெர்சாயின் ஆட்கள் கையில் போனது, அங்கேதான் எல்லாம் கெட்டது. ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முன்னாள் தாலிபான்களும், அவர்களுக்கு வெறும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்களும் சேர்த்தே வேட்டையாடப்பட்டார்கள். 2002 மே மாதம் கந்தஹார் மாகாணம் மைவந்தின் பண்ட்-இ-தைமூரில் நடந்த இரவுத் தாக்குதலில் இஷாக்சாய் குலத்து முதிய தலைவர் ஹாஜி புர்கெத் கான் கொல்லப்பட்டார். புதிய அரசை வரவேற்ற பெரியவர்களில் ஒருவர் அவர். அந்தப் பக்கம் பிறகு யாருக்கு ஆள் கொடுத்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மதிவாணன்_கோவை:

செல்வன், நகீப் கதை தெரிந்தே எழுதினேன். குலம் குலம் என்று நீங்கள் விளக்குவதில் எனக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. தாலிபானை நிறுவியவர்களில் ஒருவரான முல்லா பரதர் யார்? பொபல்சாய், கர்சாயின் குலமேதான். தாலிபான் பாதுகாப்பு அமைச்சராக இருந்த முல்லா உபைதுல்லா அலிகோசாய், உங்கள் நகீபின் குலம். இன்றைய தலைவர் ஹிபத்துல்லா நூர்சாய். ஒரே குலத்து ஆட்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள் என்றால் குலம் எதைத் தீர்மானித்தது?

தாலிபான் என்பதே குலப் பெரியவர்களின் கையிலிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிய இயக்கம். போருக்கு முந்தைய கிராமத்தில் முல்லா என்பவர் ஊர் கொடுக்கும் தானியத்தில் பிழைத்தவர், ஜிர்கா என்ற பெரியவர்கள் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து துஆ ஓதியவர், நிலமும் முடிவும் கான்கள் என்ற நிலக்கிழார்களிடம் இருந்தன. எண்பதுகளில் அகதி முகாம்களும் பாகிஸ்தான் மதரசாக்களும் அதைத் தலைகீழாக்கின. அந்த மாற்றத்தை விட்டுவிட்டு ஷெர்சாய்க்கும் நகீபுக்கும் நடந்த நாற்காலிச் சண்டையை வைத்து இருபது வருடப் போரை விளக்க முடியாது.

அப்புறம் பாகிஸ்தான். 2001 டிசம்பருக்குப் பிறகு தலைமையில் பெரும்பகுதி எல்லை தாண்டி குவெட்டாவில் உட்கார்ந்தது. பரதர் 2010இல் பிடிபட்டது கராச்சியில். ஒமருக்குப் பின் தலைவரான அக்தர் மன்சூர் 2016 மே மாதம் ட்ரோனில் செத்தது பலூசிஸ்தான் நெடுஞ்சாலையில். அந்தப் புகலிடம் இல்லாமல் இருந்திருந்தால் பண்ட்-இ-தைமூரில் எத்தனை கோபம் இருந்தாலும் அது கலகமாகத் திரண்டிருக்காது. கோபம் எல்லா நாட்டிலும் இருக்கிறது, துப்பாக்கியும் சம்பளமும் காயத்துக்கு மருத்துவமனையும் கொடுக்க ஒரு ராணுவம் பின்னால் இருந்தால்தான் போராகிறது.

பொருநை_செல்வன்:

ஒரே குலம் இரண்டு பக்கமும் நிற்பது என் வாதத்துக்கு எதிரானது என்று ஏன் நினைக்கிறீர்கள்? குலம் ஒரு கட்சி மாதிரி கொறடா உத்தரவுப்படி வாக்களிக்கும் என்று நான் சொல்லவே இல்லை. அங்கே பகையில் பெரும்பகுதி பங்காளிப் பகை. நிலத்துக்கும் தண்ணீருக்கும் தலைமைக்கும் போட்டி போடுகிறவன் பெரியப்பா மகன்தான், தூரத்து ஆள் இல்லை. அவன் அரசாங்கத்தோடு சேர்ந்தால் இவன் எதிர்ப்பக்கம் போகிறான். உருஸ்கானில் ஜான் முகமது கான் 2002இலிருந்து 2006 வரை ஆளுநர், பொபல்சாய், கர்சாய்க்கு வேண்டியவர். எதிர்ப் பிரிவான கில்சாய்கள் மட்டுமா அவரிடம் அடிபட்டார்கள்? அவருடைய சொந்தப் பெரும்பிரிவான துர்ரானிக் குலங்களிலேயே அவருக்குப் பிடிக்காதவர்கள் எல்லாரும் "தாலிபான்" ஆனார்கள். அவரை நீக்கினால்தான் படை அனுப்புவோம் என்று கடைசியில் டச்சுக்காரர்கள் நின்றார்கள்.

அதற்கும் முன்னால், 2002 ஜனவரி, உருஸ்கானின் காஸ் உருஸ்கான் மாவட்டம். கர்சாய்க்காக ஆயுதங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் அமெரிக்கப் படை இரவில் இறங்கிப் பலரைக் கொன்று 27 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு வாரத்தில் அவர்களை விடுவித்தார்கள், தாலிபான் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இரண்டு உள்ளூர்க் கோஷ்டிகள் மாவட்டப் பதவிக்கு மோதிக்கொண்டிருந்த இடம் அது, ஒருவரை ஒருவர் அமெரிக்கர்களிடம் போட்டுக்கொடுத்தார்கள். குவெட்டா இதில் எங்கே வருகிறது?

பாகிஸ்தான் புகலிடம் கொடுத்ததை நான் மறுக்கவில்லை. புகலிடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உள்ளே வர ஊர் ஊராகக் கதவைத் திறந்துவிட்டது யார் என்பதுதான் என் கேள்வி. 2006இல் கந்தஹாருக்குப் பக்கத்துப் பஞ்ச்வாயியில் தாலிபான் பலமாகிக்கொண்டிருந்தபோது அரசு யாரை அனுப்பியது? எல்லை ஊரான ஸ்பின் போல்டக்கிலிருந்து எல்லைக் காவல் தளபதி அப்துல் ராசிக்கை, அவருடைய அச்சக்சாய் ஆட்களோடு. பஞ்ச்வாயியில் நூர்சாய்கள் அதிகம். இரண்டு குலங்களுக்கும் எல்லைக் கடத்தல் பாதை தொடங்கி எவ்வளவோ கணக்குகள் தீராமல் கிடந்தன. ராசிக் வந்ததும் ஊர் மொத்தமும் தாலிபான் பக்கம் சாய்ந்தது. அதே செப்டம்பரில் கனடியப் படை அங்கே மெதுசா நடவடிக்கையில் இறங்க வேண்டியதாயிற்று.

கீழக்கரையான்:

செல்வன் அண்ணன் சொல்லும் பங்காளி விஷயத்தை நான் ஷார்ஜாவில் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் கேம்பில் பாகிஸ்தான் எல்லைப் பகுதியான வஸீரிஸ்தானின் ஆட்கள் நிறைய, ஓட்டுநர்களும் ஜேசிபி ஆபரேட்டர்களும். வஸீர் குலத்தவரும் மெஹ்சூத் குலத்தவரும் ஒரே அறையில் தங்க மாட்டார்கள், ஆனால் வெளி ஆள் ஒருவன் பஷ்தூன்களைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பார்கள். தாலிபான் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பேச மாட்டார்கள். பேசிய ஒன்றிரண்டு பேரும் தாலிபானையும் ராணுவத்தையும் ஒரே மூச்சில் திட்டினார்கள். இங்கே ஆப்கானிஸ்தான் பக்கத்தை மட்டுமே எழுதுகிறீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், பாகிஸ்தானில், என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

நிலவழகி:

எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் இருவரும் "பக்கம் மாறினார்கள்" என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். மாறாமல் நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

பாகிஸ்தான் பழங்குடிப் பகுதிகளை 1901இல் ஆங்கிலேயர் போட்ட எல்லைக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம்தான் 2018 வரை ஆண்டது. ஒருவன் தப்பு செய்தால் குலமே பொறுப்பு, அபராதமும் குலத்துக்கு, வீட்டை இடிக்கலாம், கடையை மூடலாம். அரசுக்கும் மக்களுக்கும் நடுவில் மாலிக்குகள், அரசிடம் படி வாங்கும் பெரியவர்கள். இங்கே பாகிஸ்தான் தாலிபான் தலையெடுத்ததும் முதலில் குறிவைத்தது இவர்களைத்தான். வஸீரிஸ்தானில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட மாலிக்குகளைச் சில வருடங்களில் கொன்றுபோட்டார்கள். பலர் உடலோடு "உளவாளி" என்று எழுதிய சீட்டு. இவர்களைக் காப்பாற்ற அரசு என்ன செய்தது? 2004 ஏப்ரலில் தெற்கு வஸீரிஸ்தானின் ஷகாயில், நேற்று வரை தன் சிப்பாய்களைக் கொன்ற தாலிபான் தளபதி நேக் முகமதுவுக்கு ராணுவத்தின் படைப்பிரிவுத் தளபதியே போய் மாலை போட்டு ஒப்பந்தம் செய்தார். 2005இல், பின்னாளில் பாகிஸ்தான் தாலிபானுக்குத் தலைவரான பைத்துல்லா மெஹ்சூதோடு சரரோகாவில் ஒப்பந்தம். மாலிக்குகளைத் தாண்டி ஆயுதக்காரனோடு நேராகப் பேசிய அரசைப் பார்த்து ஊர்க்காரன் என்ன புரிந்துகொள்வான்? இனி இவன்தான் அதிகாரி என்றுதானே?

அப்படியும் எதிர்த்து நின்றார்கள். 2008இல் பஜௌரில் சலர்சாய்கள் லஷ்கர் கட்டினார்கள், ஊர்ப்படை என்று சொல்லலாம், வீட்டுக்கு ஒரு ஆள், சொந்தத் துப்பாக்கி, சொந்தத் தோட்டா. அதே வருடம் அக்டோபர் 10 அன்று ஒரக்சாய் பகுதியில் அலி கேல் குலத்தார் தாலிபானை விரட்டுவது பற்றிப் பேச ஜிர்கா கூடியிருந்தார்கள், வெடிமருந்து நிரப்பிய வண்டி ஒன்று கூட்டத்துக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஒரு குலத்தின் பெரியவர்களை ஒரே நாளில் இழப்பது என்றால் என்னவென்று யோசியுங்கள். நிலத் தகராறு தீர்ப்பவர், கல்யாணம் பேசுபவர், ரத்தப் பகையை நிறுத்துபவர் எல்லாரும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். 2010 ஜனவரி 1, லக்கி மர்வத்தில் ஷா ஹசன் கேல் கிராமம். லஷ்கர் கட்டியதற்குத் தண்டனையாக, வாலிபால் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் வெடித்து ஏறத்தாழ நூறு பேரைக் கொன்றார்கள். பெஷாவருக்குத் தெற்கே அதேசாய் லஷ்கர்காரர்கள், அரசு ஆயுதமும் தரமாட்டேன் என்கிறது, எண்ணெய்க்கும் காசில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011 மார்ச்சில் அவர்கள் ஊர் இறுதிச்சடங்கிலும் குண்டு.

இவர்களை யார் வாடகைக்கு எடுத்தார்கள் மதிவாணன் சார்?

மதிவாணன்_கோவை:

நிலவழகி, நீங்கள் எழுதிய ஒவ்வொரு ஊரும் நான் சொன்னதற்கே சாட்சி. இவர்களைக் கொன்றது கொள்கை வெறி பிடித்த, புகலிடம் கிடைத்த ஓர் இயக்கம். பங்காளிச் சண்டை இல்லை. ஒரக்சாய் ஜிர்காவுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனவனுக்கு எந்த நிலத் தகராறு? அந்தப் பையனுக்கு மதரசாவில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், இந்தப் பெரியவர்கள் காஃபிர்களின் கூலிகள் என்று.

வாடகை என்று நான் எழுதியது லஷ்கர்காரர்களைப் பற்றி இல்லை, தலைகளைப் பற்றி. மௌல்வி நசீரை எடுத்துக்கொள்ளுங்கள். அகமத்சாய் வஸீர். 2007இல் தெற்கு வஸீரிஸ்தானின் வானாவில் உஸ்பெக் ஆயுதக்காரர்களை விரட்டினார், பாகிஸ்தான் ராணுவம் பக்கபலமாக நின்றது, "நல்ல தாலிபான்" என்று பெயர் வாங்கினார். அதே நசீர் எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானில் சண்டையிட ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். 2013 ஜனவரியில் அமெரிக்க ட்ரோன் அவரைக் கொன்றது. ஒரே நேரத்தில் ஒரு ராணுவத்தின் நண்பர், அதன் கூட்டாளி ராணுவத்தின் எதிரி. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாண ஆளுநர் ஷேர் முகமது அகுந்த்சாதா இன்னும் மோசம். 2005இல் அவர் அலுவலகத்தில் ஒன்பது டன் ஓபியம் சிக்கியது, ஆங்கிலேயர் அழுத்தத்தில் அந்த டிசம்பரில் ஆளுநர் பதவி போனது. பிறகு அவரே பத்திரிகையிடம் சொன்னார், என் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை, மூவாயிரம் பேரைத் தாலிபானிடம் போகச் சொல்லிவிட்டேன் என்று. அடுத்த சில மாதங்களில் வந்து இறங்கிய ஆங்கிலேயப் படை யாரோடு மோதியது என்று நினைக்கிறீர்கள்? அவர் வாயாலேயே சொன்ன பிறகும் காசு முக்கியமில்லை என்றால் நான் என்ன செய்வது?

பொருநை_செல்வன்:

அகுந்த்சாதாவை நான் எங்கேயும் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர் கதையைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். அவரும் அவருடைய கூட்டாளிகளும் நான்கு வருடம் ஹெல்மண்டை எப்படி ஆண்டார்கள்? ஆளுநர் அலிசாய், உளவுத்துறைத் தலைவர் தாத் முகமது அலிகோசாய், போலீஸ் தலைவர் அப்துல் ரகுமான் ஜான் நூர்சாய். தாலிபான் காலத்தில் செல்வாக்காக இருந்த இஷாக்சாய்களுக்கு ஒரு நாற்காலியும் இல்லை. ஹெல்மண்டின் சாங்கின் ஊர்ச் சந்தையில் அலிகோசாய் கை ஓங்கி இவர்களிடம் வரியும் லஞ்சமும் பிடுங்கியது. அதே இஷாக்சாய் குலத்தைச் சேர்ந்தவர்தான் நீங்கள் சொன்ன அக்தர் மன்சூர். ஆக மூவாயிரம் பேர் போவதற்கு முன்னாலேயே சாங்கின் போய்விட்டது, அங்கே சண்டையிட ஆங்கிலேயர் வந்தபோது, எங்களை மேய்ந்தவர்களைத் திரும்ப உட்காரவைக்கவே இவர்கள் வந்திருக்கிறார்கள் என்றுதான் ஊர் புரிந்துகொண்டது.

இன்னொன்று. அதே சாங்கினில் 2007இல் அலிகோசாய்கள் தாலிபானுக்கு எதிராகக் கிளம்பினார்கள். யாரும் உதவிக்கு வரவில்லை, தாலிபான் அடித்து நசுக்கியது. நிலவழகி எழுதியதும் இதுவும் ஒன்றேதான், எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பது தவிர வேறு வித்தியாசம் இல்லை.

காசு கொடுத்து ஒரு குலத்தை மொத்தமாக வாங்கும் சோதனையும் நடந்தது. 2010 ஜனவரியில் கிழக்கு ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்தில் ஷின்வாரி குலப் பெரியவர்கள் கூடி, தாலிபானுக்கு யார் உதவினாலும் அபராதம், வீடு எரிக்கப்படும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். அமெரிக்க ராணுவம் பத்து லட்சம் டாலர் வளர்ச்சிப் பணிக்குத் தருவதாகச் சொன்னது, அதுவும் மாகாண ஆளுநரைத் தாண்டி நேராக. அப்போது ஆளுநர் யார் தெரியுமா, நம் குல் ஆகா ஷெர்சாயேதான், கந்தஹாரிலிருந்து அங்கே மாற்றியிருந்தார்கள். சில மாதங்களில் ஷின்வாரிகளின் இரண்டு கிளைகள் ஒரு தரிசு நிலத்துக்காகத் துப்பாக்கி தூக்கிச் செத்தன, ஒப்பந்தம் காற்றில் போனது. பணம் எல்லாவற்றையும் வாங்கும் என்றால் இது நிலைத்திருக்க வேண்டுமே! உள்ளூர்த் தகராறைத் தீர்க்க நம்பத் தகுந்த ஒரு இடம் இல்லாத வரை எந்தக் காசும் நிற்காது. தாலிபான் நடமாடும் நீதிமன்றம் வைத்தது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அதன் தீர்ப்பில் கொடூரம் இருந்தது, ஆனால் லஞ்சம் கேட்காமல் சீக்கிரம் முடித்துவைத்தது.

மதிவாணன்_கோவை:

சீக்கிரம் முடித்துவைத்தது! அந்த நீதிமன்றத்தில் ஒரு பெண் சொத்து கேட்டுப் போக முடியுமா? செல்வன், இப்படி எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள்.

நிலவழகி:

இதில் மதிவாணன் சாரோடு நிற்கிறேன். சொல்லப்போனால் இரண்டு பேரிடமும் எனக்குக் குறை உண்டு. "அலிகோசாய் மாறினார்கள்", "ஷின்வாரிகள் கையெழுத்திட்டார்கள்" என்று எழுதுகிறோம். கையெழுத்திட்டது தாடி நரைத்த சில ஆண்கள். ஷின்வாரி ஒப்பந்தத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டார்கள், நிலமில்லாத குத்தகைக்காரன் யாரைக் கேட்டார்கள்? பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் தாலிபான் தொடக்கத்தில் ஆள் சேர்த்ததே நிலமில்லாதவர்களின் கோபத்தை வைத்து, பெரிய கான்களைத் துரத்தித் தோட்டங்களைப் பிடித்து. குலத்துக்குள்ளே இருக்கும் மேல் கீழை மறைத்துவிட்டுக் குலத்தை ஒரு ஆள் மாதிரி பேசினால் தாலிபான் எங்கே நுழைந்தது என்பதே தெரியாது.

பஷ்தூன் அரசியல் என்றால் குலமும் முல்லாவும் மட்டும்தான் என்று பேசுவதும் எனக்கு வலிக்கிறது. கான் அப்துல் கஃபார் கானின் அகிம்சை வழி குதாயி கித்மத்கார் இயக்கத்திலிருந்து வந்த அவாமி தேசியக் கட்சி 2008 தேர்தலில் ஜெயித்து பாகிஸ்தானின் வடமேற்கு எல்லை மாகாண ஆட்சியைப் பிடித்தது, மதக் கட்சிகளின் கூட்டணியை அதே மக்கள் வாக்குச்சீட்டால் இறக்கினார்கள். ஸ்வாத்தில் சமாதானத்துக்காக அந்த ஆட்சி செய்த, ஷரியா நீதிமன்றங்களுக்கு வழிவிட்ட நிஜாம்-இ-அத்ல் ஒப்பந்தம் 2009 ஏப்ரலில் சட்டமானது, கையோடு தாலிபான் பக்கத்து மாவட்டமான புனேருக்குள் நுழைந்தது, அந்த ஒப்பந்தம் பெரிய தவறு என்பது என் கருத்து. ஆனால் அதற்கு அந்தக் கட்சி கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான தொண்டர்கள் கொல்லப்பட்டார்கள். அமைச்சர் மியான் இஃப்திகார் உசேனின் ஒரே மகனை 2010இல் சுட்டார்கள். மூத்த அமைச்சர் பஷீர் பிலௌர் 2012 டிசம்பரில் தற்கொலைத் தாக்குதலில் போனார். ஆறு வருடம் கழித்து, 2018 தேர்தல் பிரச்சாரத்தில், அவர் மகன் ஹாரூன் பிலௌரும் அதே மாதிரி. பெஷாவரில் ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கட்சிக் கூட்டங்களில் செத்திருக்கிறது. "காசு வரும் பக்கம் சாய்கிறவர்கள்" என்ற வாக்கியத்தை இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கீழக்கரையான்:

அக்கா, 2009 பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கேம்பில் இருந்த மெஹ்சூத் ஓட்டுநர் ஒருவர், அந்த அக்டோபரில் ராணுவம் தெற்கு வஸீரிஸ்தானுக்குள் போனபோது குடும்பத்தைத் தேரா இஸ்மாயில் கானுக்கு அனுப்பியவர். வருடக்கணக்கில் அவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை, மெஹ்சூத் என்ற பெயர் அடையாள அட்டையில் இருந்தாலே சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்களாம். பாகிஸ்தான் தாலிபான் தலைவர் தன் குலம் என்பதற்காக இவர் என்ன செய்ய முடியும்? தாலிபான்காரன் இவர் தம்பியிடம் பணம் பறித்துக்கொண்டிருந்தான்.

பொருநை_செல்வன்:

நிலவழகி, குலத்துக்குள் இருக்கும் மேல் கீழ் பற்றி நீங்கள் சொன்னது அவசியமான விஷயம். ஆனால் அதிலும் அதிகாரம் யார் கையில் எப்படிப் போனது என்ற கேள்வியை விட முடியாது. அர்கந்தாப்புக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாமே கண்ணுக்கு முன்னால் நடந்தது. 2007 அக்டோபரில் முல்லா நகீப் இறந்தார். கர்சாய் நேரில் போய் நகீபின் இளம் மகன் தலையில் தலைப்பாகை கட்டி, இனி அலிகோசாய் தலைவர் இவர் என்றார். அனுபவமுள்ள தளபதிகள், பெரியவர்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் காபூலிலிருந்து வந்த ஒரு பொபல்சாய் தீர்மானிக்கிறார். அந்த மாத இறுதிக்குள் தாலிபான் அர்கந்தாப்பில் புகுந்தது. விரட்டினார்கள், சரி. ஆனால் ஆறு வருடம் யாரும் நுழைய முடியாமல் இருந்த கதவு அது, அதற்கப்புறம் சரியாகச் சாத்தவே முடியவில்லை. 2001இல் முன்னாள் முஜாஹிதீன் தளபதி அப்துல் ஹக் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான், குண்டு போடாதீர்கள், பெரியவர்களையும் தாலிபான் தளபதிகளையும் பேசிப் பிரிக்க அவகாசம் கொடுங்கள் என்று. கேட்க ஆளில்லை. ஒரு சிறு கூட்டத்தோடு உள்ளே போனவரை அக்டோபர் 26 அன்று தாலிபான் பிடித்துக் கொன்றது.

மதிவாணன்_கோவை:

அப்துல் ஹக்கைக் கொன்றது தாலிபான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். பேசிப் பிரிக்கப் போனவருக்கு அவர்கள் கொடுத்த பதில் அதுதான்.

2021க்கு வாருங்கள். உங்கள் விளக்கம்படி பஷ்தூன் தெற்குதான் முதலில் சாய்ந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? ஜூலை தொடக்கத்திலேயே வடகிழக்கில் பதக்‌ஷானில் மாவட்டம் மாவட்டமாகப் போனது. ஆகஸ்ட் 8 அன்று குந்தூஸ், தாலோகான், சரி புல் மூன்று மாகாணத் தலைநகரங்கள் ஒரே நாளில். தாஜிக்குகளும் உஸ்பெக்குகளும் நிறைந்த இடங்கள். தாலிபான் ராணுவத் தளபதியாக வந்த ஃபசிஹுத்தீன் பதக்‌ஷான் தாஜிக். கந்தஹார் அதற்கப்புறம்தான் விழுந்தது. குலத்தை வைத்து இதை விளக்குங்கள் பார்ப்போம். சம்பளம் வராத சிப்பாய், 2020இல் தோஹாவில் தாலிபானோடு ஒப்பந்தம் கையெழுத்திட்டு விட்டுப் போகும் அமெரிக்கா, பணமும் மன்னிப்புக் கடிதமும் கொண்டுவரும் தாலிபான். காசும் பயமும்.

பொருநை_செல்வன்:

வடக்கிலும் அதேதான் நடந்தது. காபூலில் பங்கு கிடைத்த தளபதிகளுக்கும் கிடைக்காத முல்லாக்களுக்கும் இடையே, உஸ்பெக், தாஜிக் ஊர்களுக்குள்ளேயே. தாலிபான் பத்து வருடமாக அந்த ஒதுக்கப்பட்டவர்களிலிருந்து ஆள் எடுத்தது. பஷ்தூன் ரத்தத்தில் மட்டும் ஏதோ இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் உங்கள் கேள்வி என்னை மடக்கும். நான் சொல்வது ஒதுக்கப்பட்டவனைப் பற்றி. தோற்கும் பக்கத்தில் கடைசி ஆளாக நிற்பவனுக்கு என்ன நடக்கும் என்று நாற்பது வருடமாகப் பார்த்த ஊர்களில் பெரியவர்கள் போய்ப் பேசி ஊரைக் காப்பாற்றினார்கள். ஜலாலாபாத் ஆகஸ்ட் 15 காலை ஒரு குண்டு வெடிக்காமல் கைமாறியது அப்படித்தான். பயம் என்று நீங்கள் சொல்வதை நான் பொறுப்பு என்பேன்.

மதிவாணன்_கோவை:

ஸ்பின் போல்டக்கிலும் அப்படித்தான் நடந்ததா? ஜூலையில் அந்த எல்லை ஊர் விழுந்ததும் ராசிக்கின் பழைய ஆட்கள், அச்சக்சாய்கள், வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. தோற்றவன் வீடு திரும்ப ஒரு வழி இருக்கும் என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அந்த வழி இவர்களுக்கு எங்கே போனது?

பொருநை_செல்வன்:

2001இல் அடைத்ததுதான், பிறகு யாருக்கும் திறக்கவில்லை. ராசிக்கின் சிறைகளில் காணாமல் போனவர்களின் கணக்கும் அந்த ஜூலைக்குப் பின்னால் இருந்தது. கொலையை நியாயப்படுத்தவில்லை. இந்த அச்சக்சாய்களின் பிள்ளைகள் நாளை யார் பின்னால் நிற்பார்கள் என்று கேட்கிறேன், அதற்கும் யாராவது வாடகை வசனத்தைத்தான் எழுதுவார்கள்.

மதிவாணன்_கோவை:

எழுதுவேன், அந்தப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி கொடுக்க மறுபடியும் ஒரு வெளிநாடு வந்து நிற்கும் வரை எழுதுவேன். நீங்கள் ஊரைப் பார்க்கிறீர்கள், நான் ஊருக்குத் துப்பாக்கி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன்.

நிலவழகி:

துப்பாக்கி வேண்டாம் என்று கிளம்பியவர்களைப் பற்றியும் எழுதிவிட்டு நான் நிறுத்திக்கொள்கிறேன். 2018 ஜனவரியில் கராச்சியில் நகீபுல்லா மெஹ்சூத் என்ற இளைஞனை போலி மோதலில் போலீஸ் கொன்றது. தேரா இஸ்மாயில் கானிலிருந்து இஸ்லாமாபாத் வரை நடந்த பேரணியிலிருந்து பஷ்தூன் தஹஃபுஸ் (பாதுகாப்பு) இயக்கம் பெரிதானது. மன்சூர் பஷ்தீன் மெஹ்சூத், அலி வஸீர் பெயரே சொல்கிறது, கீழக்கரையான் சொன்ன ஒரே அறையில் தங்காத இரண்டு குலங்கள் ஒரே மேடையில். அலி வஸீர் தந்தையையும் சகோதரர்களையும் தாலிபான் தாக்குதல்களில் இழந்தவர், அவரைத்தான் அரசு வருடக்கணக்கில் சிறையில் வைத்தது. கண்ணிவெடியை அகற்று, காணாமல் போனவர்களைக் கோர்ட்டில் நிறுத்து, சோதனைச் சாவடியில் அவமானப்படுத்தாதே, இவ்வளவுதான் கோரிக்கை. 2024 அக்டோபரில் அந்த இயக்கத்துக்குத் தடை போட்டார்கள். தடையையும் துப்பாக்கிச் சூட்டையும் மீறி கைபர் மாவட்டத்தில் ஜிர்கா கூடி, ராணுவமும் ஆயுதக் குழுக்களும் இரண்டுமே எங்கள் மண்ணை விட்டுப் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மதிவாணன் சார், இவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று எழுதுவீர்கள்?